ரிங்குக்குக் கீழ நின்ன ஜெரோம் அண்ணே

ஜெரோம் அண்ணே போயிட்டாருன்னு போன் வந்தப்போ நான் அவருக்குத்தான் பதில் அடிச்சுக்கிட்டு இருந்தேன். காலையில அவரு அனுப்புன மெசேஜ்: "அஞ்சு பேரும் ஓடிட்டா வீட்ட யாருடா பாக்குறது?" வீடுன்னு அவரு சொல்றது எங்க பக்கத்து ரிங்க. நான் "வீட்டப் பாத்துக்கிட்டே தோத்துப்போவோமா?"ன்னு பாதி எழுதியிருந்தேன். ஓட்டிட்டு வந்த தேயிலக் கொழுந்து லொறிய, எட போடுற மடுவத்துக்கிட்ட நிப்பாட்டிட்டு, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லையாம். வாதத்துக்கு நடுவுல எந்திரிச்சுப் போற பழக்கம் அவருக்கு எப்பவும் உண்டு. அதுக்காக இப்படியா?

முப்பதாம் நாள் பூசைக்கு அடிக்கிற நோட்டீஸ்ல போட நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னாங்க. நல்ல வார்த்தை எனக்கு வராது. அவர உங்களுக்குத் தெரியும். ஆறடி நாலங்குலம். லிந்துலைப் பக்கம் எந்த லயத்து வீட்டுக்குள்ளயும் குனியாம நுழைய முடியாத மனுசன். எங்க பாஸ்கட்போல் டீமுக்கு சென்டர். ஆறு வருசமா எங்களுக்குள்ள ஒரே சண்டைதான். நெட்டையா ஒருத்தர நடுவுல நிறுத்தி, அவர நம்பி ஒரு டீம் ஜெயிக்க முடியுமா? முடியும்னு அவரு, முடியாதுன்னு நான். நான் குள்ளன். வேகமா ஓடுறவன். படிப்ப விட்டு ஓடுனேன், ரெண்டு கடை வேலைய விட்டும் ஓடுனேன். ஒரு ஆளு ஒரே எடத்துல நிக்கிறதப் பாத்தாலே எனக்கு எரிச்சல்தான்.

"அண்ணே, ஓடி வாங்க!"ன்னு கத்துவேன்.

"நீ பந்தப் போட்டுட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

"நீங்க என்ன கரண்ட் போஸ்ட்டா?"

"போஸ்ட் இல்லாட்டி லைட் எரியாதுடா, குட்டையா."

கோவம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்க.

போன வருசம் அட்டன்ல ஒரு மெட்ச். பாதி ஆட்டத்துல பின்னுக்கு நின்னோம். கேப்டன் ரவியப் போட்டு அரிச்சு, அண்ணன வெளிய உக்கார வச்சு, வேகமா ஓடுற அஞ்சு பேர எறக்குனேன். ஜெயிச்சோம். அண்ணே பெஞ்ச்ல சும்மா இருக்கல. "இடது பக்கம் ஆளு! பின்னாடி நிக்கிறான் பாரு!"ன்னு கடைசி வரைக்கும் ஒரே கத்தல். எனக்கு அதுவும் எரிச்சல். திரும்பி வர்றப்போ பஸ்ல அவரு காதுக்கிட்டயே உக்காந்துக்கிட்டேன்.

"பாத்தீங்களா? நீங்க இல்லாம ஜெயிச்சோம்."

"பாத்தேன், பாத்தேன். தொண்டதான் போச்சு."

அவ்வளவுதான் சொன்னாரு. சிரிச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாரு.

அடக்கம் முடிஞ்சு ரெண்டாவது ஞாயித்துக்கிழம திரும்ப ஆட எறங்குனோம். எதிர் டீம்காரன் பந்தோட ஓடுறான், நான் அவன மறிச்சுக்கிட்டே பக்கவாட்டுல போறேன். வழியில இன்னொருத்தன் செவரு மாதிரி நின்னது எனக்குத் தெரியல. நேரா போய் மோதி விழுந்தேன். தோள்பட்ட இன்னும் வலிக்குது.

"பின்னாடி ஆளு நிக்கிறான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டீங்களாடா?"

ரவி என்னையே பாத்தான். "அத ஜெரோம் அண்ணேதானே சொல்லுவாரு? அட்டன்லயும் பெஞ்ச்ல இருந்து அவருதானே சொன்னாரு?"

ஆறு வருசத்துல நான் ஜெயிச்ச ஒரே வாதம் அது. அன்னைக்கும் அவருதான் நடுவுல நின்னிருக்காரு, பெஞ்ச்ல உக்காந்துக்கிட்டே. பஸ்ல அத ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? சொல்லியிருந்தா அங்கேயே சண்ட போட்டிருப்பேன். இப்ப யாருகிட்டப் போய் போடுறது?

உயரம் மட்டும் இருந்தா ஜெயிச்சிடலாம்னு நான் இன்னும் ஒத்துக்கல. ஒத்துக்கவும் மாட்டேன். பாதி எழுதுன மெசேஜ் போன்ல அப்படியே கெடக்கு. ஆனா அடுத்த மாசம் அட்டன்ல திரும்பவும் மெட்ச் இருக்கு. அவரு உயரத்துக்கு எங்ககிட்ட ஆளு இல்ல. அதனால நான் ஓடுறதக் கொறச்சுட்டு, ரிங்குக்குக் கீழ நின்னு ஆளு வர்ற பக்கத்தச் சொல்லிப் பழகுறேன். அவருகிட்ட இருந்து நான் எடுத்துக்கிட்டது அந்த எடத்தத்தான். பசங்க சிரிக்கிறானுங்க.

நேத்து பிராக்டிஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போனேன். "ஏண்டா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"ன்னு அம்மா கேட்டாங்க.

"தொண்ட போச்சும்மா"ன்னேன்.