மணமகளின் மூக்குக்கு நான் பொறுப்பு

இந்த ஆண்டு என்மேல் சுமத்தப்பட்ட பொறுப்புகளுள் விசித்திரமானது — ஒரு ஜேர்மன் பெண்ணின் மூக்கைத் திருமண நாள்வரை பழுதின்றிப் பாதுகாப்பது!

சங்கங்களுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். உறவினர் சண்டைகளைத் தீர்த்திருக்கிறேன். மூக்குக்குக் காவல் நின்ற அனுபவம் எனக்கில்லை.

விஷயம் இதுதான். புவனேஸ்வரி என் சின்னம்மாவின் மகள். பிரெஞ்சுத் தலைநகரில், ரூ காய் என்ற தெருவில் பலசரக்குக் கடை நடத்துகிறாள். அவளுடைய மகன் கஜன் ஒரு ஜேர்மன் பெண்ணை விரும்பினான். பெயர் ஃபிரீடா. கட்டடப் பொறியியல் படித்தவள்.

“மருமகள் இஞ்சினியர்” என்ற செய்தி ஒரே நாளில், நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் வட்டாரம் முழுவதும் பரவிவிட்டது. அவள் ஜேர்மன் தேசிய அணியின் ஹொக்கி வீராங்கனை என்ற செய்தி மட்டும் ஏனோ வீட்டு வாசலைத் தாண்டவில்லை!

நம்மவர் வழக்கம் அப்படி. பட்டம் பெற்றால் கலியாண அழைப்பிதழில் பெயரோடு சேர்த்து அச்சடிப்போம். ஒரு நாட்டின் சட்டையை அணிந்து பத்து ஆண்டுகள் விளையாடினால்... “அது சும்மா பொழுதுபோக்கு” என்போம்.

ஆனால் அந்தப் பொழுதுபோக்கு, ஃபிரீடா முதன்முறை வீட்டுக்கு வந்த அன்றே, அவளுடைய புருவத்தில் தையலாக வந்து நின்றது. மறுநாள் புவனேஸ்வரி என்னைக் கடைக்கு அழைத்தாள்.

“அண்ணை, கலியாணத்துக்கு இன்னும் நாலு மாசம். அதுவரைக்கும் விளையாட வேண்டாமெண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. மூக்கிலை பிளாஸ்ரரோடை மணவறையிலை இருந்தால் சனம் என்ன கதைக்கும்? நாங்கள் அடிச்சதெண்டெல்லோ சொல்லும்!”

“நீயே சொல்லலாமே?”

“எனக்கு இங்கிலிஷ் வராது. நீங்கள் கொலிச்சிலை படிச்சனீங்கள். இன்னொண்டும் சொல்லுங்கோ. விளையாடினாளெண்டால் நான் மணவறைப் பக்கமே வரமாட்டன்.”

கல்லூரியில் எனக்குப் பலவும் கற்பித்தார்கள். வரப்போகும் மருமகளிடம் மூக்கைப் பற்றிப் பேசுவது எப்படி என்று எவரும் கற்பிக்கவில்லை. ஆயினும் மறுக்க முடியுமா? குடும்பத்தில் மூத்தவன் என்று ஒரு பெயர் இருக்கிறதே!

அடுத்த ஞாயிறு, கடைக்கு எதிரே உள்ள உணவகத்தில் கஜனையும் ஃபிரீடாவையும் சந்தித்தேன். கஜன் முகத்தில் கலவரம். அவளோ மட்டன் ரோல்ஸை மிகுந்த நிதானத்துடன் உண்டுகொண்டிருந்தாள். எடுத்த எடுப்பில் மூக்கைத் தொடுவது பண்பாகாது. எனவே, விளையாட்டைப் பற்றி விசாரித்தேன்.

முன்வரிசை ஆட்டக்காரியாம். ஹொக்கியில், கோலுக்கு முன்னாலுள்ள வளையத்துக்குள் நின்று அடித்தால்தான் கோல் செல்லுபடியாகும். ஆகவே, பந்து கல்லைப்போலப் பறந்துவரும் இடத்தில்தான் அவளுக்கு உத்தியோகம். “கோல் விழும் இடமும் அடி விழும் இடமும் ஒன்றுதான், சேர்” என்றாள் ஆங்கிலத்தில்.

பத்தொன்பது வயதில் தேசிய அணிக்கு வந்திருக்கிறாள். முதல் ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடங்களே கிடைத்தன. பிறகு, ஒரு பெரிய தொடருக்குப் புறப்படும் தறுவாயில் நீக்கினார்கள். திரும்பி வந்தாள். முழங்காலில் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை; மறுபடியும் நீக்கம். மறுபடியும் வந்தாள். இப்போது உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டங்கள். இவற்றில் ஆடாவிட்டால் இடம் போய்விடும். இந்த வயதில் இன்னொரு முறை அழைக்க மாட்டார்கள்.

இத்தனையும் கேட்ட பிறகும், ஒப்புக்கொண்ட பொறுப்பை நான் நிறைவேற்றினேன். மூக்கு, மணவறை, சனம் — மூன்றையும் இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன்.

“மாமா... செ பா பொசிபிள்! நம்பவே ஏலாது! இதுக்கோ எங்களை வரச் சொன்னீங்கள்?” என்று கஜன் தலையில் கைவைத்தான்.

ஃபிரீடா சிரிக்கவில்லை. “பயிற்சியாளர்கள் இரண்டு முறை என்னை நீக்கியிருக்கிறார்கள், சேர். நானாக என்னை நீக்கியதில்லை.” சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: “கஜனின் அம்மா நான் விளையாடிப் பார்த்திருக்கிறாரா?”

“இல்லை.”

“ஒரு முறை பார்க்கட்டும். பிறகு என்ன சொல்கிறாரோ, என்னிடமே சொல்லட்டும்.”

இதைப் புவனேஸ்வரியிடம் என் சொந்த யோசனையாகவே தெரிவித்தேன். மத்தியஸ்தம் என்பது வேறென்ன? பிறர் யோசனையைக் கனத்த குரலில் சொல்வதுதானே!

தகுதிகாண் ஆட்ட நாளில், புறநகரான வில்லியே லே பெல்லில் உள்ள அவர்கள் வீட்டில் ரி.வி. முன்னால் அமர்ந்தோம். புவனேஸ்வரி சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடியபடி இருந்தாள்.

“பிள்ளை, முகத்தைப் பொத்து! ஏன் அங்கை போய் நிக்கிறாள்?”

“கோல் அடிக்கிறதுக்கு, அம்மா” என்றான் கஜன்.

“மற்றவை அடிக்கட்டுமன்!”

இரண்டாவது பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி மட்டையைக் குறுக்கே போட, ஃபிரீடா குப்புற விழுந்தாள். புவனேஸ்வரியின் முகத்திலிருந்து தலைப்பு இறங்கிவிட்டது.

“றெஃபறிக்குக் கண் தெரியாதோ? அவளுக்கு அட்டை குடுக்கேல்லையோ? அண்ணை, நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறியள்?”

நான் என்ன செய்ய இயலும்? நடுவருக்குக் கேட்கும் தூரத்தில் நானில்லை.

ஆட்டம் சமநிலையில் முடியப்போகிறது. ஜேர்மனிக்குப் பெனால்ட்டி கோர்னர் — கோலடிக்க அருமையான வாய்ப்பு. ஒருத்தி ஓங்கி அடித்த பந்து கோலுக்கு வெளியே போக, பாய்ந்து விழுந்த ஃபிரீடா மட்டையின் நுனியால் அதைத் திருப்பிவிட்டாள். கோல்!

“அடிச்சுப்போட்டாளடா!”

கத்திக்கொண்டே புவனேஸ்வரி எழுந்து பாய்ந்தாள். வரவேற்பறையின் கண்ணாடி மேசை மிகக் கனமானது. அவளுடைய வலது கால் அதன் விளிம்பில் மோதிய ஓசை எனக்கே வலித்தது. இரண்டு விரல்களில் எலும்பு முறிவு. வைத்தியர் படம் எடுத்துக் காட்டியபோது அவள் அதைப் பார்க்கவில்லை. கஜனின் கைபேசியில் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்ற சனிக்கிழமை திருமணம் நடந்தது. மணமகளின் மூக்கு இறைவன் படைத்தபடியே இருந்தது. புவனேஸ்வரியும் மணவறைக்கு வந்தாள் — ஒரு காலில் பட்டுச் சேலைக்குப் பொருத்தமான செருப்பு. மறுகாலில் ஆஸ்பத்திரிச் சப்பாத்து. ஆசி கூற வந்தவர்கள் மணமக்களைவிட அந்தச் சப்பாத்தையே அதிகம் பார்த்தார்கள்.

“என்னக்கா காலுக்கு?” என்று கேட்டார் கூசேன்வில்லிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி.

“ஹொக்கியிலை பட்டது.”

“ஐயோ, நீங்களும் விளையாடுறனீங்களோ?”

புவனேஸ்வரி மறுக்கவில்லை.