ரோசலினின் தீவும் என் தீவும்

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவுகளுக்குக் குழுவாகப் போக வழி கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது எழுபத்து மூன்று நவம்பர் கடைசியில், அதாவது போகக் கூடாத மாதத்தில். விலங்கியல் மாணவிகளை நான் பிப்ரவரியில்தான் அழைத்துப் போவது வழக்கம். அப்போது தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியிருக்கும். பூநாரைகள், அதாவது ஃபிளமிங்கோக்கள், கூட்டம் கூட்டமாக மேயும். இந்த முறை மூன்று மாதம் முந்திப் போனதற்குக் காரணம் அயர்லாந்து.

எங்கள் துறையில் ஜூனில் சேர்ந்த ரோசலின், அயர்லாந்தில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தவள். வயது இருபத்தாறு. சேர்ந்த இரண்டாம் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். அந்த உரிமையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அங்கே ஒரு மழை நாளில் உடன் படித்தவர்களோடு மேற்குக் கடலில் ஒரு தீவுக்குப் போய் ஓர் இரவு தங்கியிருக்கிறாள். ஓர் இரவுதான். ஆனால் ஆறு மாதமாக எங்கள் ஆய்வகத்தில் அந்த மழை நிற்கவில்லை. தவளையை அறுக்கும்போதும் அந்தத் தீவு, சாப்பாட்டு மணியடித்த பிறகும் அந்தத் தீவு. எனக்கும் கப்பல் ஏறும் வயது ஒன்று இருந்தது, மேல்படிப்புக்கு விண்ணப்பமும் போட்டேன், ஏறவில்லை. அதனால் மற்றவர்களைவிட நான் சற்று உன்னிப்பாகவே கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மெர்சி என்ற மாணவி, "நம்ம ஊர்லயும் தீவு இருக்கே மிஸ், மழையில போக முடியாதா?" என்றாள். என் வகுப்பில் கூர்மையான பெண் அவள்தான். முடியும் என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது என் வகுப்பின் பதினொரு பெண்களும் ரோசலினின் தீவை மறந்து என் தீவைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். துணைக்கு இன்னொரு ஆசிரியை வேண்டும் என்று முதல்வர் சொல்ல, ரோசலினே முன்வந்தாள். அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் முதல் மின்சார ரயில். பார்க் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சென்ட்ரல். அங்கிருந்து பொன்னேரிக்குப் பாசஞ்சர், பிறகு பழவேற்காட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் பஸ். பல்லாவரம் தாண்டும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. பஸ் கூரை எங்கே ஒழுகும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படகுக்குப் போக வரச் சேர்த்து நாற்பது ரூபாய். படகுக்காரர் தேசப்பன் எனக்கு வருடக் கணக்காகப் பழக்கம். "இந்த மாசத்துல இன்னாத்துக்கு வந்த டீச்சரம்மா? தண்ணி ஏறிகீது. பறவ எங்க நிக்கும்?" என்று அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார். அது எனக்குத் தெரியாமலில்லை. ஏறி முன்பக்கம் உட்கார்ந்தேன். பாயும் கோலுமாக மூன்று மணி நேரம். தீவைப் படகுக்காரர்கள் குருவித்திட்டு என்பார்கள், வரைபடத்தில் தேடாதீர்கள். முப்பது குடிசை, ஓடு போட்ட ஒரு சின்னக் கோவில், அதை ஒட்டி ஒரே அறையில் பள்ளிக்கூடம். நாங்கள் தங்கியது அந்த அறையில்தான்.

அன்று ஒரு பூநாரைகூடக் கண்ணில் படவில்லை. நீர்க்காகம் இருந்தது. நீர்க்காகத்தைப் பார்க்கப் பெண்கள் முடிச்சூர் ஏரிக்கரைக்குப் போனால் போதும். தேசப்பனின் மனைவி இறால் குழம்பும் சோறும் கொடுத்தனுப்பினார். சாப்பாடு முடிவதற்குள் கூரை ஒழுக ஆரம்பித்தது. பாய்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் ஒரு மூலைக்கு வந்தோம். அங்கே யாரோ, "அயர்லாந்து கதை சொல்லுங்க மிஸ்" என்றார்கள். கேட்டது என்னிடம் இல்லை.

ரோசலின் சொன்னாள். ஒன்பது பேருக்கு நனையாத காலுறை ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சியதாம். ஆளுக்குக் கால் மணி நேரம் முறை வைத்துப் போட்டுக்கொண்டார்களாம். முறை முடிந்தும் கழற்றாத ஒருவனைப் பிடித்துப் படுக்கவைத்து உருவினார்களாம். இதில் பாதி கூட்டிச் சொன்னது என்றே நினைக்கிறேன். ஆனாலும் போர்வைக்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அன்று எனக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் காலை மழையிலேயே கிளம்பினோம். பெண்கள் தார்ப்பாய்க்கு அடியில் சுருண்டிருந்தார்கள். பாதி வழியில், ஒரு மணல் மேட்டை ஒட்டி வெளிறிய நிறத்தில் ஏதோ அசைவதைப் பார்த்தேன். என் வகுப்பில் ஒரு விதி உண்டு: கால், கழுத்து, அலகு, மூன்றையும் பார்க்காமல் எந்த நாரைக்கும் பெயர் சொல்லக் கூடாது. தூரத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் அப்படித்தான் தெரியும். தொலைநோக்கியைத் துடைத்து எடுத்தேன். கால் சரி. கழுத்து சரி. தலை தண்ணீருக்குள் இருந்தது.

"பூநாரை! எல்லாரும் எழுந்திருங்க, பூநாரை!" என்று பின்னாலிருந்து ரோசலின் கத்தினாள்.

தார்ப்பாய் விலகியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மெர்சி மட்டும் பறவையைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், மூணும் பாத்தாச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ரெண்டுதான். அலகு தண்ணிக்குள்ள இருக்கு" என்றேன்.

"அப்ப இன்னும் பூநாரை இல்ல, மிஸ்" என்றாள் மெர்சி, ரோசலினைப் பார்த்து.

இத்தனை வருட உத்தியோகத்தில் இதைவிட இனிய வாக்கியம் என் காதில் விழுந்ததில்லை.

தேசப்பனுக்கு அது இனிக்கவில்லை. "அது பாட்டுக்கு துன்னுகினு கீது, எப்போ தலைய தூக்கும்? காத்து மாறுது டீச்சரம்மா." அவரை நிறுத்தியது நான் அல்ல, ரோசலின்: "இருங்கண்ணா, அஞ்சே நிமிஷம்." கோலைச் சேற்றில் ஊன்றிப் படகைப் பிடித்துக்கொண்டார். பதின்மூன்று பெண்கள் மழையில் வாய் திறக்காமல் ஒரு பறவையின் தலைக்காகக் காத்திருந்தோம். அயர்லாந்து என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் தலை மேலே வந்தது. பாதியில் கீழ்நோக்கி மடங்கிய அலகு, நுனி கறுப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பூநாரை" என்றேன்.

"இதப் பாக்கத்தான் வருஷா வருஷம் வர்றீங்களா அக்கா? ஒரு நாள்கூடச் சொன்னதே இல்லையே" என்றாள் ரோசலின். உண்மைதான். அலகின் அமைப்பைச் சொல்லியிருக்கிறேன், இப்படிக் காத்திருப்பதைச் சொன்னதில்லை.

அன்று மாலை தாம்பரம் நிலையத்தில் ரோசலினின் தம்பி குடையோடு நின்றிருந்தான். பெட்டியைவிட்டு இறங்கும்போதே அவள், "எங்க தீவுல ஒரு பறவைடா, தலையத் தூக்கவே மாட்டேங்குது" என்று ஆரம்பித்தாள். மேம்பாலப் படியேறுவதற்குள் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நன்றாகத்தான் சொன்னாள். என்னுடைய "ரெண்டுதான்" உட்பட எதையும் விடவில்லை; என் குரலைக்கூடக் கொஞ்சம் பிடித்துவிட்டாள். அவளுக்கு இப்போது இரண்டு தீவுகள்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரியில் போங்கள். ஆளுக்கு ஒன்பது ரூபாய் போதும். இரண்டு தார்ப்பாய், மண்ணெண்ணெய் விளக்கு, நனையாத துணி ஒரு மாற்று கட்டாயம். படகின் முன்பக்கம் உட்காருங்கள். மூன்றையும் பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். பார்த்துவிட்டால், ஊர் வந்து சேர்ந்ததும் முதல் ஆளாகத் திறந்துவிடுங்கள். ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் அது வேறொருவர் தீவாகிவிடும்.