அந்தோணி அழுத்திய 'ஐ அக்ரீ'

போன வாரம் மின்சார ரயிலில் என் மடியில் ஒரு செத்துப்போன கம்ப்யூட்டர். பக்கத்து சீட்டில் அதன் சொந்தக்காரன் அந்தோணி — ராயபுரத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். காசிமேட்டில் விசைப்படகு — அவன் பாஷையில் 'போட்டு' — வைத்திருக்கிறான்.

"காயலான் கடைக்கா?" என்றார் எதிர் சீட்டுக்காரர்.

"இல்ல நைனா, கம்பெனி ஆபீசுக்கு" என்றான் அந்தோணி.

விஷயம் இதுதான். கடலில் மீன் கிடைக்கும் இடத்துக்கு 'பாயிண்ட்' என்று பெயர். ஒவ்வொன்றும் அந்தோணி வருடக்கணக்கில் அலைந்து பிடித்தது. அவற்றைப் படகின் ஜிபிஎஸ்ஸிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க ஒரு மென்பொருள் வாங்கியிருந்தான் — முறையாக, பில்லோடு. உப்புக்காற்றில் முதலில் ஜிபிஎஸ் போனது. பிறகு கம்ப்யூட்டர். ஹார்ட் டிஸ்க்கும் அதிலிருந்த பாயிண்ட் ஃபைலும் மட்டும் பிழைத்தன.

ஃபைலைப் புது லேப்டாப்புக்கு மாற்றி அந்த மென்பொருளைப் போட்டால், 'ஏற்கெனவே வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கிறேன்' என்று அடம் பிடித்தது. அது இல்லாமல் ஃபைல் திறக்காது. கம்பெனிக்கு போன் செய்தால், "ஒரு லைசென்ஸ், ஒரு மெஷின் சார். அந்த வெர்ஷன் இப்ப விக்கிறதும் இல்ல" என்று வைத்துவிட்டார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கே நாள். பாயிண்ட் இல்லாமல் போனால், எட்டுப் பேரோடு குருட்டாம்போக்கில் டீசலை எரிக்க வேண்டியதுதான்.

மென்பொருளோடு வந்த லைசென்ஸ் ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டினான். படித்தேன்... படித்துக்கொண்டே இருந்தேன். மென்பொருளை நாம் வாங்குவதே இல்லையாம். உபயோகிக்க அனுமதி மட்டும்தானாம். பதிப்புரிமைச் சட்டமாவது, முறையாக வாங்கியதைச் சொந்த உபயோகத்துக்குக் காப்பி எடுக்கக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. ஒப்பந்தம் அந்த ஜன்னலையும் சாத்துகிறது. 'ஐ அக்ரீ'யை அழுத்துவதற்கு முன் நீங்கள் என்றைக்காவது படித்ததுண்டா?

"வுடு மாமு, நெட்ல டூப்ளிகேட் கெடைக்கும்" என்றேன்.

முறைத்தான். "இன்னா பேசற நீ? என் பாயிண்ட்ட ஒருத்தன் கேக்காம எட்துகினு போனா சும்மா வுடுவனா? கம்பெனிக்காரன் எழுதி வெச்சது அவன் பாயிண்ட். நேரா போய் கேப்போம்."

சட்டம் படித்த எனக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. அதனால்தான் கம்ப்யூட்டரைச் சுமக்க நானே முன்வந்தேன்.

ஆபீஸில் மேனேஜர் மேஜை மேல் அதை இறக்கினான் அந்தோணி.

"ஒரு மெஷின்னு போட்டுக்கீங்க சார். அது இதான். செத்துப் பூட்ச்சி. இத்த நீங்களே வெச்சுக்கங்க. இப்ப எங்கிட்ட ஒரு மெஷின்தான் கீது."

மேனேஜர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க ஏரியால எல்லாம் டூப்ளிகேட் தானே போடுவாங்க?"

"போடறவன் எல்லா ஏரியாலயும் கீறான் சார்."

குரலை உயர்த்தவில்லை. சிரிக்கவும் இல்லை. வடசென்னை என்றாலே ஒரு மாதிரி பார்ப்பவர்களை எத்தனையோ தடவை இந்தப் பத்தியில் திட்டியிருக்கிறேன். இவன் ஒரே வரியில் முடித்துவிட்டான். என் நண்பன் என்று அங்கேயே எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மேனேஜர் பில்லைக் கீழே வைத்தார். யாருக்கோ போன் செய்தார். பிறகு அந்தோணி கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் புது லைசென்ஸ் நம்பர் ஒன்றை அவரே தட்டினார். திரையில் கடல் விரிந்தது. அதன் மேல் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் — அந்தோணியின் அத்தனை வருடங்களும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்தேன்.

மேனேஜர் ஆவலாக எட்டிப் பார்த்தார். "இதுல வஞ்சிரம் எங்கண்ணே கிடைக்கும்?"

அந்தோணி லேப்டாப்பை மெல்ல மூடினான்.

"ஒரு லைசென்ஸ், ஒரு போட்டு சார்."