கோணிப்பையோடு வந்தால் பூட்ஸைக் கொடுத்துவிடுங்கள்

கிராமத்துக் கால்பந்து டீமுக்குச் செக்ரட்டரியாக இருப்பவனுக்கு ஆட்டம் நடக்கிற நாளில் பெரிய வேலை கிடையாது. ஆட்டமே இல்லாத மாதங்கள்தான் அவன் உயிரை வாங்கும். பஜனை கோஷ்டி, நாடகக் குழு, திருவிழாக் கமிட்டி என்று எதற்காவது செக்ரட்டரியாக இருந்து அவதிப்பட்ட புண்ணியவான்கள் இதைப் படித்தால் பாதியிலேயே தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் உத்திரமேரூர் டீமுக்குச் செக்ரட்டரி. பகலில் சொசைட்டியில் குமாஸ்தா. ஆட்ட நாளில் லெஃப்ட் பேக். தை அறுவடை முடிந்ததும் டோர்னமெண்டுகள் தொடங்கி வைகாசியோடு முடியும். அப்புறம் காற்று, மழை, நடவு என்று பந்து மூலையில் கிடக்கும். அந்த இடைவெளியில்தான் யார் இருப்பது, யார் போவது, யார் புதிதாக வருவது என்ற பஞ்சாயத்து.

டோர்னமெண்டில் பூட்ஸ் போடாதவனை உள்ளே விடமாட்டார்கள். எங்கள் பிரசிடெண்ட் கரீம் பாய், பஜாரில் இரும்புக் கடை வைத்திருப்பவர், மெட்ராஸ் போய்ப் பதினோரு ஜோடி பழைய பூட்ஸ் வாங்கி வந்தார். காலுக்கு அளவெடுத்து வாங்கவில்லை. கிடைத்த அளவில் வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்துகிற காலை ஊரில் தேடினோம். அதில் இருப்பதிலேயே பெரியது பத்தாம் நம்பர். அது என் ஒருவன் காலுக்குத்தான் சரியாக இருந்தது. அதனால்தான் என்னை டீமில் சேர்த்தார்கள் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

ஆட்டம் இல்லாத காலத்தில் அவரவர் பூட்ஸ் அவரவர் வீட்டில் இருக்கும். ஆயுத பூஜையன்று அதை எடுத்துவந்து கடை மாடியில் இருக்கிற கிளப் ரூமில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவோம். யார் பூட்ஸோடு வந்து நிற்கிறானோ அவன் அடுத்த வருஷ டீம். நீக்க வேண்டிய ஆளிடம் “உன்னை நீக்கிவிட்டோம்” என்று முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? ஒரே ஊர், ஒரே டீக்கடை. அதனால் பூஜைக்குச் சில நாள் முன்பு நான் சைக்கிள் கேரியரில் ஒரு கோணிப்பையை வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன். “பாலிஷ் போடணும், பூட்ஸ குடுப்பா” என்பேன். அந்த பூட்ஸ் திரும்பி வராது. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். என் சைக்கிள் எந்தத் தெருவில் திரும்புகிறது என்று பார்த்தே சேதியைப் பரப்பிவிடுவார்கள்.

ரெண்டு ஜோடி

அந்த வருஷம் செங்கல்பட்டில் செமிஃபைனல் தோற்றோம். நான் கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, திருப்பிக் கொடுத்த பந்து கோலுக்குள்ளேயே போய்விட்டது. ஊரில் அதைச் சேம்சைடு கோல் என்றார்கள். எதிர் வெயில் என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் இடது முட்டி அப்போது லேசாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் எனக்கும் டீமில் இருப்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு பெருமை எதுவும் கிடையாது. மாப்பிள்ளை அழைப்பில்கூட அந்த அளவுக்கு என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

புரட்டாசியில் பாய் கடையில் கூடினோம். பாய், கேப்டன் முருகேசன், நான். ரெண்டு ஜோடி பூட்ஸ் திரும்பி வரவேண்டும் என்றார் பாய். முதல் ஜோடி ரைட் அவுட் சேகருடையது. அவன் பிராக்டீஸுக்கே வருவதில்லை. இரண்டாவது யார் என்று கேட்டேன். முருகேசன் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். பாய் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “பின்னால ஆடற பேக்ல ஒர்த்தன் சரியில்லப்பா தாமு. யாருன்னு உனக்கே தெரியும். படிச்சவன் நீ, நானா சொல்லணும்?”

எனக்குத் தெரியாமலா? ரைட் பேக் கோவிந்தன்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

திருஷ்டி

சேகர் வீட்டில் வலது கால் பூட்ஸ் மட்டும்தான் இருந்தது. இடது எங்கே என்றால் அவன் அண்ணன் பெருநகரில் புது வீடு கட்டுகிறார், அங்கே இருக்கிறது என்றான். கட்டட வேலைக்குப் பூட்ஸ் எதற்கு என்று யோசித்துக்கொண்டே பன்னிரண்டு மைல் மிதித்தேன். போய்ப் பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெட்ராஸிலிருந்து வந்த பூட்ஸ், செங்கல்பட்டு மைதானத்தில் ஓடிய பூட்ஸ், பூசணிக்காய்க்கும் படிகாரத்துக்கும் நடுவில் சாரத்தில் தொங்குகிறது! அடியில் இருந்த ஆணிகள்கூட அப்படியே தெரிகின்றன.

“இன்னாங்க இது அநியாயம்?” என்று கத்தினேன். சேகரின் அண்ணன் நிதானமாகச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தெருவே தன் வீட்டைத்தான் பார்க்கிறது, சாதாரணச் செருப்பு அதற்குத் தாங்கவில்லை என்றார். டீமுக்குச் சொந்தமான பொருள் என்றேன், பிரசிடெண்ட் பெயரைச் சொன்னேன், கெஞ்சினேன். கடைசியில் அவர் என் காலைப் பார்த்தார். “சரி, அப்ப உன் செருப்ப கய்ட்டிக் குடுத்துட்டு அத எடுத்துக்கினு போ. வூட்டு மேல கண்ணு பட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?”

கோவிந்தன் வீட்டுக் காபி

கோவிந்தன் என்னைவிட ஆறு வயது சின்னவன். நன்றாகவே ஆடுவான். இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு என்னைக் கட்டிவைத்து அடித்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். கோணிப்பையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. “எனக்காண்ணா? நெஜமா எனக்கா?” என்று இரண்டு தடவை கேட்டான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு பாலிஷ் என்றேன்.

அவன் அழுவான், அவன் மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அந்தப் பெண் உள்ளேயிருந்து பூட்ஸை எடுத்துவந்தாள். தேங்காய் எண்ணெய் தடவி, துணியால் துடைத்து, லேஸைக்கூடத் துவைத்துக் கட்டியிருந்தாள். பிறகு காபி. பிறகு ஒரு தட்டு முறுக்கு. தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே அவள் சொன்னாள்: “அஞ்சு வருஷமா ஞாயித்துக்கெயமன்னா எங்க வூட்ல ஆம்பளயே இல்லண்ணா. நீங்க நல்லா இருக்கணும். இன்னும் ரெண்டு முறுக்கு எடுத்துக்கோங்க.”

அன்று சாயங்காலம் என் மனைவி சரோஜா வழக்கம்போல் என் முட்டிக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் கோணிப்பை போன வீடுகளின் கதையை ஒன்றுவிடாமல் அவளிடம்தான் சொல்வேன். அவள் பாதி கேட்பாள், பாதி கேட்கமாட்டாள். அன்றைக்கு அவள் கை நின்றது. “தொடச்சா குடுத்தா?” என்று கேட்டாள்.

ஆட்டம் அப்புறம், கால் முதலில்

புது ஆள் எடுப்பதில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. வருகிறவனை முதலில் பந்தை உதைக்கச் சொல்லமாட்டோம். கோணியைக் கவிழ்த்து, பூட்ஸ் பொருந்துகிறதா என்று பார்ப்போம். பொருந்தாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் என்ன பிரயோஜனம்?

பெருநகரிலிருந்து ஆறுமுகம் என்று ஒருவன் வந்தான். ஏர் உழுகிறவன். வெறுங்காலோடு பாதி கிரவுண்டிலிருந்து ஓங்கி ஓர் உதை விட்டான். பந்து கோல் கம்பத்துக்கு மேலே போய், புளியமரத்தையும் தாண்டி, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் திறந்த வாயை மூடவில்லை. அப்படி ஒரு பேக் எங்கள் ஜென்மத்துக்கும் கிடைக்கமாட்டான். ஆனால் அவன் கால்! சேகரின் ஆறாம் நம்பரில் கட்டைவிரல்தான் போயிற்று. கோவிந்தனின் ஏழாம் நம்பரில் விளக்கெண்ணெய் விட்டும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. “விடுப்பா, நமக்குக் குடுத்து வெக்கல” என்றேன். முருகேசன் ஆறுமுகத்தின் காலைப் பார்த்தான். அப்புறம் என் காலைப் பார்த்தான். செருப்பு இல்லாமல் நிற்கிறேனே என்று பரிதாபப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நம்பர் அச்சு எடுத்ததுபோல் பொருந்தியது புதிதாக மாற்றலாகி வந்த போஸ்டாபீஸ் கிளார்க் நடராஜனுக்கு. அங்கேயே கைகுலுக்கி, ரைட் அவுட் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பிராக்டீஸில் பந்து அவரிடம் வந்தது. மனிதர் அதைக் குனிந்து கையில் எடுத்து, மண்ணைத் தட்டி, மரியாதையாக என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் பந்து ஆடியதே இல்லையா என்று கேட்டேன். “நீங்க காலு சரியா கீதுன்னுதானே சார் சேத்தீங்க. ஆட்டம் தெரியுமான்னு யாரு கேட்டாங்க?”

மாப்பிள்ளை நிற்கிறார்

அந்தப் பிராக்டீஸுக்கு இன்னொரு விருந்தாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். எங்கள் கோலி ஏழுமலைக்குத் தாமலில் பெண் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க, பெண்ணின் அப்பா நேராக கிரவுண்டுக்கே வந்துவிட்டார். கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில் குடையோடு நின்று கால் மணி நேரம் பார்த்தார். அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. “பத்து பேரு ஓடிக்கினு கீறாங்க, எங்க மாப்ள மட்டும் கம்பத்துக்கு நடுவுல நின்னுகினு கீறாரு. காலு எதனா ஊனமா?” என்று என் காதோடு கேட்டார்.

கல்யாணம் நின்றால் ஏழுமலை ஊரைவிட்டே போவான்; அவனை விட்டால் எங்களுக்குக் கோலி கிடையாது. கோலியின் பெருமையை எவ்வளவு உயர்த்திச் சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன். டீமே அவனை நம்பித்தான் இருக்கிறது, எல்லாரும் உதைக்கிற பந்தை அவன் ஒருவன் தடுக்கிறான் என்று கையை ஆட்டி விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு இன்னும் பயந்துபோனார். “அப்ப அத்தினி பேரு ஒதைக்கிறதும் எங்க மாப்ள மேலதான் வந்து வுழுமா? வேணாங்க. பேசாம அவரையும் ஓடச் சொல்லுங்க.”

பத்தாம் நம்பர்

ஆயுத பூஜையன்று காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என் பூட்ஸை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் கை விட்டேன். பெட்டி இருந்தது. பூட்ஸ் இல்லை. எலி இழுத்திருக்குமோ என்று மூலையெல்லாம் தேடினேன். சரோஜா சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: “நேத்து நீங்க ஆபீஸ் போனப்பறம் முருகேசன் வந்தாரு. கோணி எடுத்தாந்தாரு. பாலிஷ் போடணுமாம்.”

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிளப் ரூமுக்கு ஓடினேன். முட்டி ஒவ்வொரு படியிலும் நொடித்தது. பதினோரு ஜோடியும் வரிசையாக இருந்தன. ஏழாம் நம்பருக்குப் பின்னால், அதை அவனிடமே திரும்பக் கொடுத்துவிட்டார்கள்போல, கோவிந்தன் என்னைப் பார்க்காமல் நின்றான். பத்தாம் நம்பருக்குப் பின்னால் ஆறுமுகம். முந்தின நாள் அது அவன் காலில் எப்படி உட்கார்ந்தது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். பாய் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து, “வா செக்ரட்டரி, உனக்காவதான் காத்துகினு கீறோம்” என்று சூடத்தட்டை என் கையில் கொடுத்தார். ஏற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சூடப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் பாய்ந்தேன். பாலிஷ் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா, தெரிந்தும் எப்படி எடுத்துக் கொடுத்தாய் என்று கத்தினேன். அவள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, காலை நீட்டச் சொன்னாள். “தெரியாமயா? தொடச்சிதான் குடுத்தேன், காபியும் குடுத்தேன். நாலு வருஷமா வூடு வூடா நீங்க போன கதைய எங்கிட்டதானே சொன்னீங்க, நம்ம வூட்டுக்கு எப்ப வருவாங்கன்னு நானும் பாத்துக்கினேதான் இருந்தேன்.”

ஊரில் எல்லார் வீட்டு வாசலிலும் கோணிப்பையோடு நின்றவன் நான், என் வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்று மட்டும் நான் ஆபீஸ் போயிருந்தேன்.