சலவைக்குப் போன டோக்கன்

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் தன்னால் ஒரு வண்டிகூட ஒரு நிமிஷம் தாமதமானதில்லை என்று தினம் நாலு பேரிடம் சொல்லாவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்காது. கேட்கிறவர்களுக்கும் பழகிப்போய்விட்டது.

அவருடைய ஸ்டேஷன் ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இருந்தது. போவதும் வருவதும் ஒரே தண்டவாளத்தில் என்றால், இரண்டு எஞ்சின்கள் நடுவழியில் முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் டோக்கன். இவர் அறையில் இரண்டு பக்கத்துப் பாதைக்கும் ஒவ்வொரு மெஷின், அந்தந்தப் பக்கத்து அடுத்த ஸ்டேஷனில் அதற்கு ஜோடி. ஜோடியில் இரண்டிலும் கைக்கு அடங்குகிற இரும்புக் குண்டுகள், அவைதான் டோக்கன். ஒரு குண்டை வெளியே எடுத்துவிட்டால், அது இரண்டில் ஏதாவது ஒரு மெஷினுக்குள் திரும்ப விழும்வரை, தலைகீழாக நின்றாலும் இன்னொரு குண்டு வராது. குண்டு கையில் இருக்கிற டிரைவர் மட்டும்தான் அந்தப் பாதையில் வண்டியை விடலாம். பெரிய பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல்பையில் குண்டைப் போட்டு நீட்டினால், டிரைவர் ஓடுகிற எஞ்சினிலிருந்தே அதைக் கையில் மாட்டி வாங்கிக்கொண்டு, கடந்துவந்த பாதையின் வளையத்தை வீசிவிட்டுப் போவார்.

இந்த நல்ல ஏற்பாட்டை மனுஷர் ஸ்டேஷனோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தார். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்தபோது, வேறு தாழ்ப்பாள் வாங்காமல், கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துப் பழைய வளையம் ஒன்றை மாட்டினார். வளையத்தோடுதான் உள்ளே போகவேண்டும், ஆணி காலி என்றால் உள்ளே ஆள் என்று சட்டம் போட்டார். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அவளுடைய அண்ணன் வந்து தங்கியிருந்த அன்று பார்த்து, இவர் ஞாபகமறதியாக வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். மச்சான் மரியாதை தெரிந்தவர். தங்கை கடையிலிருந்து திரும்பும்வரை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாருமே இல்லாத கழிப்பறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றார்.

அன்று சாயங்காலமே மனைவி மூட்டை முடிச்சைக் கட்டி அண்ணனோடு கிளம்பிவிட்டாள். இருபத்திரண்டு நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. புதன்கிழமை காலைப் பாசஞ்சரில் வருகிறாளாம். ஆனால் டிக்கெட் நாலு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் தன் தங்கை ஊருக்காம். நடுவில் இங்கே இறங்குவதா, அப்படியே தங்கை வீட்டோடு போய் இருந்துவிடுவதா என்று வண்டி நிற்கும்போது முடிவு செய்வாளாம். மாஸ்டர் அதற்குள் பாதி ஆளாகியிருந்தார். அவள் இல்லாத வீட்டுக்குள் நுழையவே அவருக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை பாசஞ்சருக்கு முன்னால், அதே திசையிலிருந்து ஒரு சரக்கு வண்டி வந்து நிற்காமல் போனது. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வளையத்தைப் பிடித்து, குண்டை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்தார். உடனே மெஷினில் போட்டிருக்க வேண்டும். மாஸ்டரோ சுவர்க் கண்ணாடியில் தன் கோட்டைப் பார்த்தார். மார்பில் மைக்கறை. இந்த லட்சணத்தில் அவள் முன்னால் நிற்பதா? குண்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, பின்னால் இருந்த குவார்ட்டர்ஸுக்கு ஓடினார். வெளுத்த கோட்டை மாட்டினார். வாசலில் துணிக்கு வந்து நின்ற சலவைக்காரரின் மூட்டையில் பழையதைத் திணித்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தார்.

போன் அலறிக்கொண்டிருந்தது. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர். பாசஞ்சர் அங்கே காத்துக் கிடக்கிறது, மெஷின் குண்டைத் தரமாட்டேன் என்கிறது, சரக்கு வண்டி வந்து சேர்ந்ததா இல்லையா என்று கேட்டார். மாஸ்டர் கோட்டுப் பையில் கையை விட்டார். கஞ்சி மொடமொடப்பைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை.

பாயிண்ட்ஸ்மேன் காதோரம் குனிந்தார். “மெஷின் ரிப்பேர்னு சொல்லிடுங்க சார். காகிதத்துல அனுமதி எழுதிக் குடுத்து வண்டிய விட்டுடுவாங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த வண்டியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், குண்டு இல்லாமல் அதைப் பாதையில் விடச் சொல்வதா?

“மெஷின் நல்லாத்தான்யா இருக்கு. நான்தான் ரிப்பேர்” என்றார் மாஸ்டர். போனில் நடந்ததை நடந்தபடி சொன்னார்.  எதிர்முனையில் இருந்த புண்ணியவான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பிளாட்பாரத்தில் இறங்கி, பெட்டி பெட்டியாகப் போய்ப் பயணிகளுக்குத் தாமதத்தின் காரணத்தை விளக்கினாராம்.

பாயிண்ட்ஸ்மேன் சலவைத் துறைக்குச் சைக்கிளில் பறந்தார். மாஸ்டர் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பதால் அறைக்குள்ளேயே குட்டிபோட்ட பூனையாகச் சுற்றினார். சலவைக்காரர் கோட்டை ஓங்கி ஒரே ஓர் அடி அடித்துவிட்டு, பெயர்ந்துபோன துவைகல்லைப் பார்த்தபடி நின்றிருந்தாராம். குண்டுக்கு ஒரு கீறலும் இல்லை. சோப்பு நுரையைத் துடைத்து மாஸ்டர் அதை மெஷினில் போட்டபோது ஐம்பது நிமிஷம் ஓடியிருந்தது. முப்பத்தோரு வருஷப் பெருமையும் அன்றோடு சரி.

பாசஞ்சர் வந்து நின்றது. இனி அது மேலே போக, அந்தப் பக்கத்துப் பாதைக்கான குண்டை மாஸ்டர்தான் தரவேண்டும். தராதவரை வண்டி நகராது, அவளும் எங்கும் போகமுடியாது. இது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? குண்டு வைத்த வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, எஞ்சின் பக்கம் போகாமல், அவள் முகம் தெரிந்த மூன்றாவது பெட்டி ஜன்னலுக்கு ஓடினார். பெட்டியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

“தாழ்ப்பா போட்டாச்சும்மா. ஆணியையும் பிடுங்கிட்டேன். எறங்கிடு” என்றார்.

அவள் அவர் தோளைப் பார்த்தாள். “இத மாட்டிக்கிட்டு வந்து நின்னா நான் எறங்கித்தானே ஆகணும்? மொதல்ல கொண்டுபோய் டிரைவர்கிட்ட குடுங்க. அப்புறம் எறங்குறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கிறேன்.”

கொடுத்தால் வண்டி போய்விடும்.  ஆனாலும் மாஸ்டர் எஞ்சின் பக்கம் நடந்தார். டிரைவர் நீட்டிய கையில் வளையத்தை மாட்டினார். வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி தாண்டும்வரை நின்று பார்ப்பது அவர் வேலை. மூன்றாவது பெட்டி கடக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டிச் சத்தம் அடங்கியது. அவர் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

“வீட்டுச் சாவியக் குடுங்க. லேட்டானதுக்கு மேலிடத்துக்கு என்ன எழுதுறதுன்னு சாப்பிட்டுட்டு யோசிப்போம்” என்றது பின்னாலிருந்து குரல்.

யோசிப்போம் என்றாள். மாஸ்டர் பிளாட்பாரத்திலேயே அழுதுவிட்டார்.