"அவோரித்தா சந்திப்பம்"

ஹவுன்ஸ்லோ பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து அமர்ந்த அந்தப் பெண், விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்பவர். சீருடைக்கு மேல் கணவருடையது போலப் பெரிய கோட்டு. மடியில் பெட்டியைத் திறந்து, ஆப்பிள் துண்டுகளுக்கு மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டார்.

நான் கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளும் மருமகனும் இரண்டு வருட வேலையாக மெக்சிக்கோவில் இருந்தார்கள். முந்தின நாள் அங்கே நிலம் நடுங்கியது. "நாங்கள் சுகம் அப்பா, அவோரித்தா எடுக்கிறன்" என்று சொல்லிப் போனை வைத்த மகள் பிறகு எடுக்கவேயில்லை.

"ஆருக்கும் சுகமில்லையோ அண்ணை?"

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அவோரித்தா எண்டவவோ? அது அந்த ஊர்ச் சொல்லு. கனடா போக வெளிக்கிட்டு, நானும் இவரும் வழியிலை மெக்சிக்கோவிலை ஒரு வருசம் நிண்டனாங்கள். 'இப்ப' எண்டுதான் கருத்து. ஆனா காஸ்காரன் அவோரித்தா வாறன் எண்டால், அண்டைக்கு அடுப்பு எரியாது, எங்களுக்குப் பாணும் பழமும்தான்!"

"அப்ப மகள் எப்ப எடுப்பாள்?"

"நாங்கள் 'இந்தா வெளிக்கிட்டிட்டம்' எண்டு சொல்லிப்போட்டுக் குளிக்கப் போறேல்லையே? அதுமாதிரித்தான். பயந்து நடுங்கிற பிள்ளைக்கு அந்தச் சொல்லு வாயிலை வராது. இதைச் சாப்பிடுங்கோ."

ஆப்பிள் உறைத்தது. அன்று நான் சாப்பிட்ட முதல் உணவு அதுதான்.

இறங்கும்போது, "அவோரித்தா சந்திப்பம் அண்ணை" என்றார்.

மாலையில் மகள் எடுத்தாள். அயலவர்கள் தெருவிலேயே எல்லோருக்கும் சமைத்து, இவர்களைப் போகவிடவில்லையாம்.

அந்தப் பெண்ணைத்தான் நான் இன்னும் காணவில்லை. ஆனாலும் அந்த பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் என் பையை வைப்பதில்லை.