தாய் என்று எழுதிய இடம்

வன்னியில் போரின் கடைசி நாட்களில், கூட்ட நெரிசலில் என் தங்கை கைதவறிப் போனாள். அவளுக்கு நான்கு வயது, எனக்கு ஒன்பது. அம்மா அவளுக்குத் திவசம் செய்ய யாரையும் விட்டதில்லை.

பிரிந்த பிள்ளைகளை மரபணுச் சோதனையால் தேடும் அமைப்பொன்று மானிப்பாயில் மாதிரி எடுப்பதாக அறிந்து அம்மாவைக் கூட்டிப்போனேன். படிவத்தை நானே நிரப்பினேன். உறவு: தாய். அம்மாவின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது, பஸ்ஸில், என் குழந்தையை மடியில் வைத்திருந்த அம்மா சொன்னார்.

"பிள்ளை, நீ தாய் எண்டு எழுதினது பிழை."

தங்கையைப் பெற்றவர் சின்னம்மா. எனக்குப் பிறகு அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. சின்னம்மாவுக்கு வீட்டில் பிறந்த மூன்றாவது பெண்ணை அந்தக் கிழமையே அம்மாவிடம் கொடுத்து, அம்மாவின் பெயரிலேயே பதிந்திருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம். அதற்குப் பயந்துதான் அம்மா உண்மையைச் சொல்லாமல், மாதிரி எடுக்க வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

சின்னம்மாவின் மற்றப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. சின்னம்மாவிடம் மாதிரி கேட்க எனக்கு உரிமை உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கோப்பாயிலிருந்து சின்னம்மா இருக்கும் இணுவிலுக்குப் போய்க் கேட்டேன்.

"கொம்மாவுக்கு ஒரு பொய்யைக்கூட ஒழுங்காக் காப்பாத்தத் தெரியாது," என்றார் சின்னம்மா. "சத்தியத்தை உடைச்ச பாவம் அவவுக்குத்தான். நான் வாறன்."

மூவரும் மீண்டும் போனோம். அங்கிருந்த பெண் 'தாய்' என்பதை வெட்டி 'வளர்த்தவர்' என்று எழுதினார். சின்னம்மாவுக்குப் புதிய படிவம். பிள்ளை கிடைத்தால், எங்களோடு தொடர்பு வேண்டுமா என்று முதலில் அவளிடம்தான் கேட்பார்களாம்.

"அவள் வேண்டாமெண்டால்?" என்றார் அம்மா.

"உங்களுக்குச் சொல்லமாட்டம், அம்மா. கண்டுபிடிச்சதைக்கூட," என்றார் அந்தப் பெண்.

சின்னம்மா உடனே கையெழுத்திட்டார். அம்மா பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"நீ வாசிச்சனியே?"

"ஓம், அம்மா."

"உன்ரை பிள்ளையெண்டால் கையெழுத்து வைப்பியே?"

அம்மா கையெழுத்திட்டார்.

எட்டு மாதமாகிறது. அழைப்பு இல்லை. அவள் கிடைக்கவில்லையா, கிடைத்தும் வேண்டாமென்றாளா என்று எங்களுக்குத் தெரியவராது. அன்று படிவத்தை அம்மாவுக்குச் சரியாக விளக்கினேனா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். இந்த வருடமும் அம்மா திவசம் செய்ய விடவில்லை.